கைக்குள் அடங்காத மாடு

நீங்களும் என் வயதுக்காரர்தானே, ஒரு காரியம் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குசினியில் இருக்கிற கேத்திலைக் கையால் தடவுங்கள். இருபது வருடமாக அதில்தான் தேத்தண்ணீர் வைத்திருப்பீர்கள். ஆனாலும் கை போனதும் ஒரு குழப்பம் வரும். இந்த மூக்கு இவ்வளவு கீழேயா தொடங்குகிறது? மூடிக்கும் பிடிக்கும் நடுவில் இத்தனை இடமா?

போன மாதம் கண் கிளினிக்கில் எனக்குச் சொட்டு மருந்து விட்டு அனுப்பினார்கள். அரை நாள் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. சும்மா இருக்கிற ஆளா நான்? கண்ணை மூடியபடியே தேத்தண்ணீர் வைக்கப் போய், என் சொந்தக் கேத்திலிடம் தோற்றுப்போனேன். மகள் வந்து, "அம்மா, நீங்க பேசாம இரிங்க, நான் ஊத்துறன்" என்று கதிரையில் இருத்திவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் மகள் மேலும் இல்லை, கேத்தில் மேலும் இல்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே பழைய ஒரு பருவம் முழுவதும் என் முன்னால் வந்து நின்றது.

எனக்கு ஒரு மச்சாள் இருக்கிறாள். அப்பாவின் தங்கச்சி மகள். என்னிலும் மூன்று மாதம் மூப்பு. பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுடைய வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை இவ்வளவு காலமும் யாருக்கும் எழுதிக் காட்டியதில்லை. இந்த வயதிலும் சொல்லாவிட்டால் பிறகு எப்போது சொல்வது?

சண்டைக் காலம். எனக்குப் பதினொரு வயது. டவுனில் எங்கள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தெருமுனையில் இராணுவம் மண் மூட்டை அடுக்கிக் காவலுக்குச் சென்றி போட்டிருந்தது. அம்மாவிடம் கைக்குழந்தை வேறு. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, என்னை வாவிக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டார். சூரியன் எழும்புகிற பக்கம் நாங்கள், எழுவான்கரை. படுகிற பக்கம் அவர்கள், படுவான்கரை. வவுணதீவுக்கும் உள்ளே போகவேண்டும். அங்கே வட்டை நடுவில் நாலைந்து வீடு. வட்டை என்றால் பார்க்கிற பக்கமெல்லாம் வயல். பாலத்தடியில் சோதனை அதிகம் என்பதால் தோணியில் கடந்தோம். அந்தப் பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை என்று அப்பா நினைத்திருந்தார். அந்தக் காலத்தில் பெரியவர்கள் நினைத்ததில் பாதி பிழை.

மாமி என்னைக் கட்டிப்பிடித்து, "உன்ட மச்சாளோட இரி மனே. இனி அவளுக்குக் கண் நீதான்" என்றார். அதைக் கேட்டு எனக்கு ஒரு பவுசு வந்தது. வந்த அன்றே நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

படங்களில் காட்டுகிற மாதிரி மச்சாள் என் முகத்தையெல்லாம் தடவவில்லை. அதை நான் எதிர்பார்த்து முகத்தைக் கழுவிக்கொண்டு வேறு நின்றேன். அவள் என் கையைப் பிடித்து, மணிக்கட்டைச் சுற்றித் தன் விரலைப் போட்டுப் பார்த்தாள். "நல்ல மெலிவு. டவுனில சோறு தாறல்லயா?" என்றாள். பிறகு குனிந்து என் செருப்பின் வாரைத் தொட்டாள். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, "நீ வலப்பக்கம் சாஞ்சி நடக்கிற ஆள்" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உண்மைதான். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன்.

அவளோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் சாமான்களுக்கு நான் அறியாத இன்னொரு பக்கம் இருப்பது தெரிந்தது. எதைக் கொடுத்தாலும் முதலில் உள்ளே கையை விடுவாள். நமக்குப் பானை என்றால் வெளியே தெரிகிற வயிறு. அவளுக்குப் பானை என்றால் உள்ளே இருக்கிற இடம்.

"செம்பு என்ன வடிவம் மச்சாள்?" என்று ஒருநாள் கேட்டேன். அவளைச் சோதிக்கத்தான்.

"கை போகும். வரக்குள்ள கழுத்தில தட்டும். அதுதான் செம்பு."

"தகரப் பேணி?"

"கை போகும். தட்டாம வரும்."

"சோத்துப் பீங்கான்?"

"கை எங்கயும் போகாது," என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளையும் கை போய் வருகிற வழியாகத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள். மாமாவின் சைக்கிள் செயின் கழன்றால் மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். அவள் வந்து குந்தி, இரண்டு விரலைப் பல்லோடு ஓட விட்டு, ஒரு சுற்றில் மாட்டிவிட்டுக் கையைச் சாம்பலில் துடைத்துக்கொண்டு போவாள். "குருட்டுப் பூனைக்கு வாய்ச்சிது" என்பார் மாமா. மகள் மேல் உயிர்தான் அவருக்கு. ஆனால் அவள் செய்ததெல்லாம் அவருக்குத் தற்செயலாகத்தான் பட்டது.

அவளுடைய மாடு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, கழனித் தண்ணீர் வைக்கிற இடம். அங்கே ஈர மூக்கு, சுரசுரத்த நாக்கு, சூடான மூச்சு. மற்றது மாமி பால் கறக்கிற இடம். அங்கே மச்சாள் கன்றைப் பிடித்துக்கொண்டு, மாட்டின் வயிற்றில் கன்னத்தைச் சாய்த்து இருப்பாள். உள்ளே குடல் உருளுகிற சத்தம் கேட்குமாம். இரண்டு இடத்துக்கும் நடுவில் தோலைத் தடவிக்கொண்டு மூன்று எட்டு நடக்கவேண்டும். "மூண்டு எட்டு. அதுக்குள்ள எல்லாம் சூடு" என்பாள். காலை வேளையில் மாட்டில் சாய்ந்தபடியே அவள் தூங்கியும் விடுவாள். பக்கத்தில் நானும் சாய்ந்துகொள்வேன். கண்ணை மூடினால் மாடு எங்கே முடிகிறது, மச்சாள் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியாது. புல்லும் பாலும் சாணமும் கலந்த அந்த வாசனை இப்போதும் சில நேரம் எங்கிருந்தோ வருகிறது. வந்தால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவேன்.

பின்னேரங்களில் வாவிக் கரைக்குப் போவோம். தண்ணீர் வற்றின இடத்தில் மணல் ஈரமாக, இறுக்கமாக இருக்கும். அதில் குச்சியால் கீறி அவளுக்குப் படம் படிப்பிக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு நான்தான் முதல் ஆள். வீட்டிலிருந்த ஸ்டூலைக் கீறினேன். முன்னால் இரண்டு கால் நீளமாக, பின்னால் இரண்டு கால் கட்டையாக. அவள் விரலை அந்தக் கீறில் ஓட விட்டாள்.

"இதென்ன?"

"உங்கட வீட்டு ஸ்டூல்."

"பின்கால் ரெண்டும் ஏன் கட்டை? நொண்டி ஸ்டூலா?"

"அது அங்கால இரிக்கி மச்சாள். தூரத்தில இரிக்கிறதால சின்னன்."

குச்சியை என்னிடமிருந்து வாங்கித் தானே கீறினாள். ஒரு சதுரம். அதன் நாலு மூலையிலிருந்தும் வெளிப்பக்கமாக நாலு கோடு. எல்லாம் ஒரே நீளம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "செத்த தவளை மாதிரி இரிக்கி."

அவள் கோபிக்கவில்லை. "என்ட ஸ்டூலில நாலு காலும் சரியா இரிக்கி. நீ ரெண்டைக் குறைச்சிப்போட்டாய்" என்றாள். இன்றைக்கு யோசித்தால், கையால் பிடித்துப் பார்க்கிறவளுக்கு அவள் கீறினதுதான் உள்ளபடியான ஸ்டூல். நான் கீறினது ஒரு இடத்தில் நின்று பார்த்த என் கண்ணின் வசதி. அன்றைக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் மாமாவிடமும் மாமியிடமும் தவளைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

தூரத்துப் பொருள் சின்னதாகத் தெரியும் என்பதை மட்டும் அவளால் ஏற்கவே முடியவில்லை. ஒருநாள் மீன்காரரின் தோணி அக்கரைக்குப் போனது. "இப்ப என்ட கைப்பெருவிரல் அளவு" என்றேன்.

"உள்ளுக்க இரிக்கிற ஆக்கள்?"

"அவங்களும்தான்."

தண்ணீர் வந்து எங்கள் காலில் தட்டித் தட்டிப் போனது. "நோகாதா அவங்களுக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் உள்ள எங்களுடைய உலகம் அவளுக்கு ஒரு மாயக் கதை மாதிரி இருந்தது. ஆட்கள் போகப் போகச் சுருங்குவார்கள், திரும்பி வந்தால் வளர்வார்கள், வேலிக்குப் பின்னால் போனால் இல்லாமல் போவார்கள். இதையெல்லாம் ஒரு கலக்கமும் இல்லாமல் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஹெலிகொப்டர் பறந்த அன்றும் இதே கதைதான். மாமா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "தும்பி அளவுதான். அங்கால எங்கயோ போகுது" என்றார். மச்சாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் குந்திவிட்டாள். "பெரிசு அப்பா. நம்மட வீட்டை விடப் பெரிசு." மாமா சிரித்தார். அன்றைக்கு அது சுட்டது. எங்களுக்கு இல்லை, இரண்டு ஊர் தள்ளி. யார் சொன்னது சரி என்று பிறகும் ஒருவரும் பேசவில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை, ஆமி வருகிறது என்று யாரோ சைக்கிளில் கத்திக்கொண்டு போனார்கள். மாமா முதல் நாளே வயல் வாடிக்கு, காவல் குடிசைக்கு, போயிருந்தார். மாமி ஒரு கையில் என்னையும் மறு கையில் மச்சாளையும் பிடித்துக்கொண்டு வட்டைக்குள் இறங்கினார். பனி என்றால் அப்படிப் பனி. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. வரம்பு தெரியவில்லை, வயல் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. மாமி மச்சாளை இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். எழும்பி இன்னும் பத்து எட்டு வைத்து மறுபடியும் விழுந்தார்கள்.

"அம்மா, கையை விடுங்க," என்றாள் மச்சாள். "வரம்பு காலுக்குத் தெரியும்."

அவள் முன்னால் போனாள். அவள் சட்டையை நான் பிடித்தேன், என் சட்டையை மாமி பிடித்தார். வரம்பின் நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற சரிவைக் காலால் தடவித் தடவி, தண்ணீர் பாய வெட்டின இடத்துக்கு இரண்டு அடி முதலே "வெட்டு வரிது, தாண்டுங்க" என்று சொல்லிக்கொண்டு, நடக்கிறாளா மிதக்கிறாளா என்று தெரியாமல் போனாள். அந்த வெள்ளைக்குள் அவளுடைய சட்டைத் துணி ஒன்றுதான் என் கையில் இருந்தது. பயம் போய் எனக்கு ஒரு மயக்கம் மாதிரி வந்தது. இப்படியே நடந்துகொண்டிருக்கலாம் போலிருந்தது. மாமா இருந்த வாடியில் கொண்டுபோய் எங்களைச் சேர்த்துவிட்டாள்.

பின்னேரம் வீடு திரும்பியதும் மாமி மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இவளை வச்சிக்கொண்டு இனி ஓட ஏலா. எங்கயாவது ஒரு இடத்தில சேர்க்கணும்."

அதே மனுசிதான் காலையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். ஆனால் மகளைத் தான் இழுத்துக்கொண்டு ஓடியதாகவே மாமி கடைசிவரை நினைத்திருந்தார். எனக்கோ அன்றிலிருந்து மச்சாளின் கையைப் பிடிக்காமல் நித்திரை வராது. அவளுக்குக் கண்ணாக இருக்க அனுப்பின ஆள் நான்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மாமி சொல்லி அப்பா கடிதம் எழுதினார். விழிப்புலனற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு சேர், அங்கே படிப்பிக்கிறவர், வருவார், பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பார், சரி என்றால் அன்றைக்கே தோணியில் கூட்டிக்கொண்டு போவார் என்று பதில் வந்தது. விடுதியில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மாமி காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணி கொண்டு வருகிறவரிடம் பூப்போட்ட துணி வாங்கி, இரண்டு சட்டை தைத்து, ஒரு தகரப் பெட்டியில் மடித்து வைத்தார். "எனக்குப் புறகு இவளை ஆரு பார்க்கிற மனே? படிச்சித் தன்ட காலில நிக்கணும்" என்று என்னிடம் சொல்லி அழுதார். "சேர் வரக்குள்ள நீ பக்கத்தில இரி. நீ நல்லாக் கதைப்பாய்."

மச்சாளுக்குப் போக ஆசை. ஆசை என்றால் கொஞ்ச ஆசை இல்லை. "எழுத்தைக் கையால வாசிக்கலாமாம் மச்சாள். புள்ளி புள்ளியா இரிக்குமாம். எவ்வளவு பெரிய புள்ளி?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? கடுகு அளவு இருக்கும் என்றேன். அன்று முழுவதும் பாயில் கடுகைப் பரப்பி, கூட்டிப் பிரித்து, விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தாள். மாமி கடுகைத் தேடிக்கொண்டு வந்து ஏசினார். கொஞ்சக் கடுகை மட்டும் அவள் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சோதனைக்கு அவளைத் தயார் செய்ய வேண்டும் என்று நான் பள்ளிக்கூடக் கட்டுரை ஒன்றை அவளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன். பசு ஒரு வீட்டு மிருகம். பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு. அவள் வரிக்கு வரி சொல்லிவிட்டு, "நான் ரெண்டு காலைத்தான் தொட்டிரிக்கன். மற்ற ரெண்டும் உதைக்கும்" என்றாள். "நீ நாலு எண்டு மட்டும் சொல்லு" என்று அதட்டினேன்.

சேர் வந்தார். வெள்ளைச் சேர்ட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் நல்ல மனம் தெரிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாமரத்துக்குக் கீழே பாய் போட்டிருந்தோம். தோணிக்காரர் வேலியடியில் நின்றுகொண்டு, "சேர், ரெண்டு மணிக்கு முதல் கடந்திரணும். புறகு விடமாட்டாங்க" என்று இரண்டு தரம் சொன்னார். மாமா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நின்றார். மாமி குசினி வாசலில் சேலைத் தலைப்பைக் கடித்தபடி நின்றார்.

பெயர் கேட்டார். எண்ணச் சொன்னார். கரண்டி, திறப்பு, பூட்டு, சோப்பு என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். மச்சாள் தொட்டவுடன் சொன்னாள். சேர் தலையாட்டினார். பிறகு ஒரு பிஸ்கட் தகரத்தைத் திறந்து, பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செவலை நிறத்தில் ஒரு மாடு. என் உள்ளங்கையளவு இருக்கும். பார்த்தவுடன் மாடு என்று எனக்குத் தெரிந்தது.

மச்சாள் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தடவினாள். நாலு குச்சியையும் ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தாள். இரண்டு தரம் தடவினாள், மூன்று தரம் தடவினாள்.

"சீப்பு," என்றாள். "நாலு பல்லுத்தான் மிச்சம்."

சேரின் பேனை நின்றது. "வடிவாப் பாருங்க. நீங்க வீட்டில வளர்க்கிற ஒண்டு."

"கோழியா சேர்?"

"இது மாடு, மகள்."

மச்சாள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது. "மாடு கைக்குள்ள அடங்காது சேர்" என்றாள். சேர் ஏதோ எழுதினார். அடுத்து ஒரு குட்டி வீட்டைக் கொடுத்தார். பெட்டி என்றாள். வீடு என்று சேர் சொன்னதும், "வீட்டுக்குள்ள நான் இரிக்கணுமே, வீடு எப்பிடி எனக்குள்ள இரிக்கும்?" என்று உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். சேர் அதையும் எழுதினார். நான் பாடமாக்கிக் கொடுத்த பசுக் கட்டுரையைப் பயத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். பசுவைச் சீப்பு என்று சொன்ன பிள்ளை பசுவைப் பற்றிப் பத்து வரி சொன்னதும் சேருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. யாரோ சொல்லிக் கொடுத்ததை விளங்காமல் சொல்கிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"அவள் மாடு பிடிச்சிக் கட்டுவா சேர், கன்று அவிழ்ப்பா," என்றார் மாமி வாசலில் நின்றபடி.

"தாய்மார் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க அம்மா," என்று சேர் அன்பாகத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க ஒண்டாத்தானே இரிக்கிறீங்க? உண்மையைச் சொல்லுங்க. இவவுக்குச் சாமான்களின்ட உருவம் விளங்குமா?"

மாடு பத்து அடி தள்ளி முருங்கை மரத்தில் கட்டி நின்றது. அசை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. மச்சாளை அங்கே கூட்டிப் போங்க சேர், அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் அவள் நடந்து காட்டியிருப்பாள். சுழி எங்கே, தழும்பு எங்கே, எந்த முலையில் பால் குறைவு என்று அவருக்கே பாடம் எடுத்திருப்பாள். எனக்கு அது தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் அது முழுவதாகத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது.

வாசலில் தகரப் பெட்டி இருந்தது. அவள் போய்விடுவாள். அடுத்த முறை பனிக்குள் ஓட வேண்டி வந்தால் நான் யாருடைய சட்டையைப் பிடிப்பது?

"எனக்குத் தெரியா சேர்," என்றேன்.

சேர் கொப்பியை மூடினார். "பார்வை மட்டும் இல்ல, விளக்கமும் கொஞ்சம் குறைவாத்தான் தெரியிது. அடுத்த வருசம் ஒருக்கா பார்ப்பம்" என்று மாமாவிடம் மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னால் மச்சாளுக்குக் கேட்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஒரு பிஸ்கட் பக்கற்றை அவள் மடியில் வைத்துவிட்டு, தோணிக்காரரோடு போனார். மாமி பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார். மச்சாள் அழவில்லை. பாயிலேயே இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து பிஸ்கட் தின்றேன். தின்றேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தின்றேன்.

அடுத்த வருடம் ஒருவரும் வரவில்லை. தோணி நின்றது, பாதை பூட்டினார்கள், பிறகு அந்தச் சேர் எங்கே என்றே தெரியவில்லை. அதை விடுங்கள். சொல்ல நாக் கூசுகிற விசயம் வேறு. அவளை என்னோடு வைத்துக்கொள்ளத்தானே நான் வாயை மூடினேன்? ஆறு வாரத்தில் டவுனில் என் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பா வந்தார். நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தோணியில் ஏறிவிட்டேன். நான் படித்தேன், ரீச்சரானேன், கலியாணம் முடித்தேன். மச்சாள் அந்த வீட்டிலேயே இருந்தாள். நான் போன பிறகு பிறந்த அவளுடைய தம்பி பெரியவனாகிக் குடும்பமானான். அவள் அவர்களோடு இருந்து, இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்தாள். வருடத்தில் ஒரு தரம், இரண்டு தரம் நான் போய்ப் பார்ப்பேன். அந்த நாளைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மாமி காலமாகி முப்பத்தோராம் நாள் போயிருந்தேன். சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, கிணற்றடியில் நானும் மச்சாளும் மட்டும் குந்தியிருந்து சட்டி பானை கழுவினோம். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. அவளுக்கு நரை என்றால் என்னவென்று தெரியாது, மயிர் தடிப்பாகிவிட்டது என்பாள். மாமியும் இல்லை. இனியும் வைத்துக்கொண்டிருக்க ஏலவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாடு நின்றது எனக்குத் தெரியும், உனக்கு எல்லாம் விளங்கும் என்று தெரியும், தெரிந்துகொண்டுதான் தெரியாது என்றேன், தனிய இருக்கப் பயம், அதுதான் காரணம் என்று சொன்னேன்.

அவளுடைய கை நிற்கவில்லை. "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ மூச்சு இழுத்தாய். பாய் சரசரத்திச்சி, மாட்டுப் பக்கம் கிறுகினாய். சொல்லப் போறாய் எண்டு நான் பாயில இருந்து ஒழும்பவும் பார்த்தன். புறகு தெரியா எண்டாய்."

நான் தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தேன். "நீ சொல்லியிருக்கலாமே மச்சாள். மாடு அங்க நிக்குது, வாங்க சேர் எண்டு."

"நான் சொன்னா அவர் நம்புவாரா? கண் இரிக்கிற ஆள் சொன்னாத்தான் நம்புவார். அதுக்குத்தானே அம்மா உன்னைப் பக்கத்தில இருத்தினா."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். கிணற்றுத் தண்ணீரை அள்ளிப் பானையில் ஊற்றினாள்.

"இவ்வளவு காலமும் என்னிட்ட ஏன் ஒரு சொல்லுக் கேக்கல்ல மச்சாள்?"

"கேட்டா," என்றாள், "நீ இஞ்ச வாறதையும் விட்டிருவாய்."